வேலைக்காரன் மேஸ்திரி ஆனால்?

நமது நாட்டில் ஒருவன் ஒரு வேலையை மற்றவர்களைவிட நன்றாகவும் சுறுசுறுப்பாகவும் செய்கிறான் என்று தெரிந்துவிட்டால், உடனே அவனை அந்த வேலையிலிருந்து எடுத்து, அதே வேலையைச் செய்கிறவர்களுக்கு மேலே கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவது வழக்கமாய் இருந்து வருகிறது. நல்ல கொத்தன் மேஸ்திரி ஆகிறான். நல்ல உபாத்தியாயர் தலைமை உபாத்தியாயர் ஆகிறார். நல்ல குமாஸ்தா மானேஜர் ஆகிறார். கம்ப்யூட்டர் கம்பெனியில் கெட்டிக்காரன் என்று பேர் எடுத்த வாலிபன் பத்துப் பேருக்கு 'லீடர்' ஆகிறான். அன்றைக்கு மாலை போடுகிறார்கள்; காப்பி பலகாரம் நடக்கிறது; சம்பளத்திலும் கொஞ்சம் கூடுகிறது. ஆனால் மறுநாள் காலையில் வந்து அவன் என்ன செய்யவேண்டும் என்பதை மாத்திரம் ஒருவரும் அவனுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அநேகமாக என்ன கண்டுபிடிப்போம் என்றால், ஒரு நல்ல வேலைக்காரனை இழந்து, அதற்குப் பதிலாக ஒரு மோசமான எஜமானனைப் பெற்றிருக்கிறோம் என்பதேயாகும். கீழே இருக்கிற பத்துப் பேரும் முணுமுணுக்கிறார்கள். மேலே இருக்கிறவர்கள், "நல்ல ஆள் என்று நினைத்தோம், இப்படி ஆகிவிட்டானே" என்கிறார்கள். அவனோ இராத் தூக்கமில்லாமல், "எனக்கு ஏன் இந்த வம்பு, பழைய வேலையே சுகமாக இருந்தது" என்கிறான். இதற்கு ஜாதகத்தில் சனி பார்வை என்று காரணம் சொல்லி எள் விளக்கு ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். சனி தன் பாட்டுக்கு ஆகாயத்தில் சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்கும் இவன் உத்தியோகத்திற்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது. காரணம் பூமியில்தான் இருக்கிறது. அதைத்தான் இங்கு யோசிக்க வேண்டும்.

முதலாவது காரணம் என்னவென்றால், வேலை செய்வது ஒரு வேலை. வேலை செய்விப்பது வேறொரு வேலை. இவை இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய படிகள் அல்ல. ஒரு சுவரை நூல் பிடித்தாற்போல் கட்டத் தெரிந்தவனுக்குக் கண்ணும் கையும் கரணையும் தன் வசத்தில் இருந்தால் போதும். பத்துப் பேரைக்கொண்டு பத்துச் சுவர் கட்டுவிக்கிறவனுக்கோ, யாருக்கு எது தெரியும், யாருக்கு எது தெரியாது, யாருடைய வீட்டில் இன்றைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல், செங்கல் எப்போது வரும், கூலி எப்போது கிடைக்கும், எவன் பயத்தினால் பேசாமலிருக்கிறான், எவன் வேலை ஒழுங்காய் நடக்கிறதால் பேசாமலிருக்கிறான் என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். இதில் எதையும் கரணை சொல்லிக் கொடுக்காது. ஆகவே கரணை பிடிக்கத் தெரிந்தவனுக்கு இதுவும் தானாகவே தெரிந்துவிடும் என்று நினைப்பது, நீந்தத் தெரிந்தவனுக்குப் படகு கட்டவும் தெரியும் என்று நினைப்பது போலாகும்.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. சொல்லிக் கொடுக்க ஆளில்லாதவன், பார்த்ததைச் செய்வான். நம் மக்கள் 'தலைவன்' என்று சொல்லக் கேட்டதும் கண்டதும் யாரை? ஜமீன்தாரை, பண்ணையாரை, ஜாதி நாட்டாண்மையை, துரையை, குருக்களை! இவர்கள் எல்லாருக்கும் பொதுவாயிருந்த ஒரே லட்சணம் எது என்றால், வேலை செய்யாமலிருப்பதும், பிறரைக் கைகட்டி நிற்க வைப்பதுமாகும். ஆதலால் நேற்று வரையில் தோளோடு தோள் நின்று வேலை செய்தவன், இன்றைக்கு மேஸ்திரியானதும், பெயர் சொல்லிக் கூப்பிட்டவனை 'டேய்' என்கிறான். தான் வரும்போது மற்றவன் எழுந்திருக்கிறானா என்று ஓரக்கண்ணால் பார்க்கிறான். அவன் கெட்டவன் அல்ல. தலைமை என்றால் இதுதான் என்று இந்தச் சமூகம் ஆயிரம் வருஷமாய் அவனுக்குப் பாடம் நடத்தியிருக்கிறது. மேலே இருந்தவனிடம் அடிபட்டவன் மேலே வந்தால் தானும் அடிக்கத் தொடங்குவானானால், ஆள் மாறியதே ஒழிய முறை மாறவில்லை. சுயமரியாதை என்பது நமக்கு மேலே இருப்பவனிடம் கேட்டு வாங்குவது மாத்திரம் அல்ல. நமக்குக் கீழே வந்தவனுக்குக் கொடுப்பதுந்தான் என்பதை இவ்விடத்தில் ஞாபகப்படுத்துகிறோம்.

நிற்க, இதற்கு நேர்மாறான இன்னொரு விதமும் உண்டு. சிலர் எஜமானர்களாகாமல் பழைய வேலைக்காரர்களாகவே இருந்துவிடுகிறார்கள். இவர்கள் நல்லவர்கள். ஒருவரையும் கடிந்து பேசமாட்டார்கள். ஆனால் ஒருவன் மெதுவாய் வேலை செய்தால் பொறுக்கமாட்டார்கள். "தள்ளு, நான் செய்கிறேன்" என்று கரணையைப் பிடுங்கிக் கொள்வார்கள். ஒருவன் எழுதிய கடிதத்தில் இரண்டு பிழை இருந்தால், பிழையைச் சொல்லாமல், முழுவதையும் தாங்களே இரவில் உட்கார்ந்து எழுதிவிடுவார்கள். முதல் மாதத்தில் இது தியாகம் போல் தோன்றும். இரண்டாவது மாதத்தில் கீழே உள்ளவர்கள், "எப்படியும் அவரே செய்துகொள்வார்" என்று கையைக் கட்டிக்கொள்வார்கள். மூன்றாவது மாதத்தில் இவர் படுத்துக்கொள்வார், வேலையும் படுத்துக்கொள்ளும். முதல் வகையார் பிறருடைய மானத்தைப் பறிக்கிறார்கள் என்றால், இந்த இரண்டாவது வகையார் பிறர் கற்றுக்கொள்ளும் சந்தர்ப்பத்தைப் பறிக்கிறார்கள். முன்னது கொடுமையாகத் தெரிகிறது. பின்னது அன்பாகத் தெரிகிறது. ஆனால் இரண்டிலும் பத்துப் பேர் வளராமல் நிற்கிறார்கள் என்பது மாத்திரம் ஒன்றே.

இப்போது ஜவ்வாது மலையை எடுத்துக்கொள்வோம். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஜில்லாக்களில் பரந்து கிடக்கும் இம்மலையில் மலையாளிகள் என்று சொல்லப்படும் பழங்குடி மக்கள் சாமை பயிரிட்டும், தேனும் புளியும் கடுக்காயும் சேர்த்தும் ஜீவித்து வருகிறார்கள். நிலம் போதாதபோது கூலிக்குக் கீழே இறங்குகிறார்கள். இந்த மலையில் ஒரு வாலிபனுக்குச் சாதாரணமாய்க் கிடைக்கக்கூடிய முதல் 'பிரமோஷன்' என்ன? பத்துப் பேரைச் சேர்த்துக் கூட்டிப் போகும் ஆள் மேஸ்திரி வேலைதான். வெட்டுகிறவர்களில் கெட்டிக்காரனாகவும், நாலு ஊர்ப் பேச்சுத் தெரிந்தவனாகவும் இருக்கிறவனிடம் ஒரு தரகன் முன்பணத்தைக் கொடுத்து, "இத்தனை ஆள் கொண்டு வா" என்கிறான். அவ்வளவுதான், அவன் தலைவன் ஆகிவிட்டான்! எங்கே போகிறோம், என்ன வேலை, என்ன கூலி, ஆபத்து என்ன என்று கேட்க அவனுக்கு அதிகாரமும் இல்லை. கேட்கவேண்டும் என்ற பழக்கமும் இல்லை.

இதன் முடிவு எப்படியிருக்கும் என்பதை நாடே ஒருமுறை பார்த்தது. 2015ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 7ஆம் தேதி ஆந்திராவில் சித்தூர் ஜில்லாவின் சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி, தமிழ்நாட்டுக் கூலிகள் 20 பேரைப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். மாண்டவர்களில் ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். சுட்டவர்களின் பொறுப்பைப் பற்றி எவ்வளவோ பேசவேண்டியதுண்டு. மரத்தை வாங்கி விற்றுப் பணக்காரனான முதலாளி அந்தக் காட்டுக்குள் இருக்கவில்லை என்பதையும் மறக்கக்கூடாது. ஆனால் நாம் இங்கே கவனிக்க விரும்புவது வேறொன்று. ஆட்களை எண்ணிக் கொண்டுபோய் ஒப்படைக்கிறவன் தலைவன் அல்ல. அவன் தரகனுக்குக் கைக்கருவி. தன்னை நம்பி வருகிறவர்களுக்காகத் தரகனிடம் நாலு கேள்வி கேட்டு, சரியான பதில் வராவிட்டால், "என் ஆட்கள் வரமாட்டார்கள்" என்று சொல்லத் துணிகிறவன் எவனோ அவன்தான் தலைவன். தலைமையின் முதல் பாடம் உத்தரவு போடுவது அல்ல. மேலே இருப்பவனைப் பார்த்துக் கேள்வி கேட்பதேயாகும். இந்தப் பாடம் தெரியாத மேஸ்திரியால் சில இடங்களில் கூலி போகிறது. சில இடங்களில் உயிரே போகிறது.

அதே ஜவ்வாது மலையிலேயே இதற்கு நேர் எதிரான ஒரு உதாரணமும் இருக்கிறது. ஆலங்காயத்துக்குப் பக்கத்தில் காவலூர் என்ற ஊரில், சமுத்திர மட்டத்துக்குச் சுமார் 725 மீட்டர் உயரத்தில், காட்டுக்கு நடுவே ஒரு வான ஆராய்ச்சி நிலையம் இருப்பதை நம் வாசகர்களில் பலர் கேள்விப்பட்டிருக்கலாம். அங்கே நட்சத்திரம் பார்க்கிறார்கள். ஆனால் நல்ல நேரம் பார்ப்பதில்லை. இராகு காலத்திலும் எமகண்டத்திலும் தூரதிருஷ்டிக் கண்ணாடியைத் திருப்பினால் அது திரும்பத்தான் செய்கிறது. அந்த நிலையத்தை உண்டாக்கிய வைணு பாப்பு அவர்களின் வாழ்க்கை நாம் பேசுகிற விஷயத்துக்கு மிகவும் பொருத்தமானது.

அவர் 1927இல் சென்னையில் பிறந்தவர். அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் மாணவராயிருந்தபோது, 1949இல், தாம் எடுத்த போட்டோத் தகட்டில் புதிய வால் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். நம்மவர்கள் வால் நட்சத்திரம் தோன்றினால் ராஜாவுக்கு ஆகாது என்று சாந்தி ஹோமம் செய்தவர்கள். இவரோ அது எந்த வழியாய்ப் போகிறது என்று கணக்குப் போட்டார். இன்னும் அதில் இவருடைய பேரும், உதவிய போக், நியூகிர்க் என்ற இருவர் பேரும் சேர்ந்து வழங்குகின்றன. 1957இல், வில்சன் என்பவருடன் சேர்ந்து, ஒரு வகை நட்சத்திரங்களின் ஒளிக்கோட்டின் அகலத்தைக்கொண்டே அவற்றின் உண்மையான பிரகாசத்தை மதிப்பிடலாம் என்பதை வெளியிட்டார். இதுவும் அவ்விருவர் பேராலேயே உலகமெங்கும் அழைக்கப்படுகிறது. தன் கையால் வேலை செய்கிற ஒரு வான சாஸ்திர நிபுணர் இதற்கு மேல் பேர் எடுக்கவேண்டிய அவசியமே இல்லை.

அப்படிப்பட்டவர் 27ஆவது வயதிலேயே, 1954இல், ஐக்கிய மாகாணம் என்று முன்பு சொல்லப்பட்ட உத்தரப் பிரதேசத்தின் வான ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைவராய் வந்தார். 1960இல் கொடைக்கானல் நிலையத்தின் தலைவரானார். அங்கே அதுவரையில் முக்கியமாய்ப் பகலில் சூரியனைப் பார்க்கும் வேலையே நடந்து வந்தது. இரவில் நட்சத்திரம் பார்க்க நல்ல இடம் வேண்டும் என்று தேடி, காவலூரைத் தேர்ந்தெடுத்து, 1968இல் 38 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு சிறிய தொலைநோக்கியை நிறுத்தினார்கள். அதை வெளியே விலைக்கு வாங்கவில்லை. சொந்தப் பட்டறையிலேயே செய்தார்கள். 1972இல் ஜெர்மனியின் ஜைஸ் கம்பெனியிலிருந்து 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1971இல் இந்திய வான்இயற்பியல் நிலையம் தனி ஸ்தாபனமாயிற்று. பிறகு 2.34 மீட்டர் அகலமுள்ள ஒரு பெரிய தொலைநோக்கியை இந்த நாட்டிலேயே செய்வதென்று தொடங்கினார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். 2.34 மீட்டர் அகலமுள்ள ஒரு கண்ணாடியைத் தேய்த்து மெருகிட்டு, ஒரு மயிரிழையில் நூற்றில் ஒரு பங்குகூடப் பிசகாமல் வளைவு கொடுப்பது ஒருவரால் ஆகிற காரியமா? எவ்வளவு பெரிய மேதாவியானாலும் அவருக்கு இரண்டு கைதான். கண்ணாடி தேய்க்கிறவன் வேண்டும். இரும்பு வேலைக்காரன் வேண்டும். மின்சார வேலை தெரிந்தவன் வேண்டும். கண்ணாடிக்கு அலுமினியப் பூச்சுப் பூசுகிறவன் வேண்டும். நடு இரவில் கூண்டைத் திருப்பி விடுகிறவனும், காட்டுப் பாதையில் வண்டி ஓட்டுகிறவனும், விடியும்வரை விழித்திருப்பவர்களுக்குச் சோறு ஆக்குகிறவனும் வேண்டும். இத்தனை பேரும் தத்தம் வேலையில் தலைவரைவிடக் கெட்டிக்காரர்களாய் ஆனாலொழிய அந்தக் கண்ணாடி ஆகாயத்தைப் பார்க்காது. ஆகவே, தான் செய்வதில் பெருமைப்பட்ட ஒருவர், பிறர் தன்னைவிட நன்றாய்ச் செய்வதில் பெருமைப்படக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. தனி வேலைக்காரன் தலைவனாகும்போது தாண்டவேண்டிய ஆறு இதுதான். இதைத் தாண்ட முடியாமல் கரையில் நின்று கத்துகிறவர்களே நம்மில் அதிகம்.

இந்தக் காவலூரின் வேலைமுறையிலிருந்து மூன்று சங்கதிகளை நம் தோழர்கள் கவனிக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறோம்.

ஒன்று, அவர்கள் பெரியதைத் தொடங்கிய கையோடு சிறியதிலும் பழகினார்கள். 2.34 மீட்டர் கருவிக்கு முன்னோடியாக 75 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றையும் இங்கேயே செய்தார்கள். பிழை வந்தால் சிறியதிலே வரட்டும், அதைக்கொண்டு கற்றுக்கொள்வோம் என்பதே இதன் தாத்பரியமாகும். நம்மவர்களோ புது ஆளைப் பிடித்து முதல் நாளே பெரிய வேலையில் தள்ளிவிட்டு, அவன் தவறினால் நாலு பேர் நடுவில் வைகிறார்கள். அல்லது தவறிவிடுவானோ என்று பயந்து வருஷக்கணக்காய் எதையும் அவன் கையில் கொடுக்காமலே இருக்கிறார்கள். இரண்டும் தப்பு. தவறினால் தாங்கக்கூடிய அளவான வேலையைக் கொடு. தவறினால் உட்கார்ந்து காட்டிக் கொடு. பிறகு அதைவிடச் சற்றுப் பெரியதைக் கொடு. இதற்கு மந்திரம் ஒன்றும் வேண்டியதில்லை.

இரண்டு, செய்தவன் பேர் செய்தவனுக்கே. 1977ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 10ஆம் தேதி யுரேனஸ் என்ற கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அந்த நட்சத்திர ஒளி இடையில் மங்கியதைக் காவலூரிலும் பதிவு செய்தார்கள். அந்தக் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் இருப்பது உலகத்துக்குத் தெரிந்தது அந்த மறைப்பினால்தான். (நமது பஞ்சாங்கத்தின் ஒன்பது கிரகங்களில் இந்த யுரேனஸ் இல்லவே இல்லை என்பதையும், அது இல்லாமலே இவ்வளவு நாள் நம் ஜோசியர்கள் நமக்கு 'முழுப் பலன்' சொல்லிக் காசு வாங்கியிருக்கிறார்கள் என்பதையும் போகிற போக்கில் குறித்துக்கொள்ளலாம்.) காவலூரில் கண்டதைப் பற்றிய முதல் குறிப்பு 'நேச்சர்' என்ற சஞ்சிகையில் பட்டாச்சார்யா, குப்புசாமி என்ற இருவர் பேரிலேயே வெளிவந்தது. நிலையத்தின் தலைவர் பேர் அதில் இல்லை. நம் ஊரில் ஒரு கிணறு வெட்டினால் வெட்டினவன் பேரை எவனும் பொறிப்பதில்லை. திறந்து வைத்தவன் பேரைத்தான் கல்லில் பொறிக்கிறார்கள். கூலி கொடுத்தாயிற்றே, பேர் எதற்கு என்று கேட்பவர்கள், தங்கள் பேரை மாத்திரம் ஏன் கூலியோடு விட்டுவிடுவதில்லை என்று கேட்கின்றோம்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. அந்தப் பெரிய தொலைநோக்கி முடிவதற்கு முன்பே, 1982ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், வைணு பாப்பு அவர்கள் ஜெர்மனியில் மூனிக் நகரத்தில் காலமாகிவிட்டார். அப்போது அவர் சர்வதேச வான சாஸ்திர சங்கத்தின் தலைவராயிருந்தவர். தலைவன் போனால் கூட்டம் கலைந்துபோவதுதான் நம் நாட்டு வழக்கம். மடத்தில் மடாதிபதி போனால் வழக்கு; ஜமீனில் ஜமீன்தார் போனால் வழக்கு; சங்கங்களில் தலைவர் போனால் பூட்டு! காவலூரில் பூட்டு விழவில்லை. பட்டாச்சார்யா அவர்கள் தலைமையில் அதே ஆட்கள் அந்த வேலையை முடித்தார்கள். 1986ஆம் வருஷம் ஜனவரி மாதம் 6ஆம் தேதி அப்போதைய பிரதம மந்திரி ராஜீவ் காந்தி அதைத் தொடங்கி வைத்து, பாப்பு அவர்கள் பேரை அதற்கு இட்டார். 1988இல் அதே காவலூரில் ராஜமோகன் குழுவினர் ஒரு சிறு கிரகத்தைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு ராமானுஜன் என்ற கணித மேதையின் பேர் வைக்கப்பட்டது. ஒரு தலைவன் நல்ல தலைவனா என்று தெரிந்துகொள்ள, அவன் இருக்கும்போது எவ்வளவு வேலை நடந்தது என்று பார்ப்பதைவிட, அவன் இல்லாதபோது எவ்வளவு வேலை நடந்தது என்று பார்ப்பதே சரியான பரீட்சை என்பது நமது அபிப்பிராயம்.

இது ஒருபுறமிருக்க, யாரைத் தலைவனாக்குவது என்பதற்கு நம் நாட்டில் இருந்துவந்த அளவுகோல்களையும் சற்றுப் பார்க்கவேண்டும். சென்னை வான ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த ரகுநாதாச்சாரி என்பவர் 1867இலேயே ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார்; 1872இல் லண்டன் ராஜாங்க வான சாஸ்திர சங்கத்தில் அங்கத்தினரானார். ஆனாலும் கடைசிவரையில் உதவியாளராகவே இருந்து மாண்டார். ஏனென்றால் தலைமை ஸ்தானத்துக்குத் தோலின் நிறமே யோக்கியதையாயிருந்தது. 1899இல் ஏற்பட்ட கொடைக்கானல் நிலையத்துக்கு 1937இல்தான் ஓர் இந்தியர் தலைவராக முடிந்தது. அன்று வெள்ளைக்காரன் தோலைப் பார்த்தான் என்று குறை சொல்லுகிறோமே, நாம் எதைப் பார்த்தோம்? பிறப்பைப் பார்த்தோம். அப்பன் நாட்டாண்மை என்றால் மகனும் நாட்டாண்மை. ஜவ்வாது மலையிலும் ஊர்ப் பெரியதனம் பரம்பரையாய் வருவதே வழக்கமாயிருந்தது. பிறகு சர்க்கார் உத்தியோகங்கள் வந்தபோது வருஷத்தைப் பார்த்தோம்; அதாவது எவன் அதிக நாள் நாற்காலியைத் தேய்த்தானோ அவன் தலைவன். இப்போது கைத்திறமையைப் பார்க்கிறோம். தோல், பிறப்பு, வருஷம் ஆகிய மூன்றையும்விட இது மேலானதுதான், சந்தேகமில்லை. ஆனால் இதுவும் போதாது. "இவன் கிட்டே வேலை கற்றவர்கள் எத்தனை பேர்? இவனிடத்தில் தைரியமாய் 'அது தப்பு' என்று சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர்?" என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டுத்தான் ஒருவனைத் தலைவனாக்க வேண்டும்.

"தலைமை என்பது பிறவிக் குணம், கற்றுக் கொடுத்து வராது" என்று சிலர் சொல்லக்கூடும். இது, படிப்பு பிறவியிலே வருவது, கற்றுக் கொடுத்து வராது என்று சொல்லி நம் மக்களைப் பள்ளிக்கூட வாசலிலேயே நிறுத்தி வைத்தார்களே, அதே வாதந்தான். சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. பிறவிக் குணம் என்றால் பிள்ளை பெறும்போதே மருத்துவச்சி, "இது மேஸ்திரிக் குழந்தை" என்று சொல்லியிருக்க வேண்டுமே! ஒருவன் சொல்வதை முழுதும் காது கொடுத்துக் கேட்பது, வேலையைப் பிரித்துக் கொடுப்பது, ஏன் செய்யவேண்டும் என்று காரணம் சொல்வது, தப்பைத் தனியே கூப்பிட்டும் நல்லதை நாலு பேர் நடுவிலும் சொல்வது ஆகிய இவையெல்லாம் பழக்கத்தினால் வருபவை. சைக்கிள் விடக் கற்றுக்கொள்வது போலவே இதையும் நாலு தரம் விழுந்து எழுந்து கற்றுக்கொள்ளலாம்.

"ஆட்களுக்கு இவ்வளவு இடங்கொடுத்தால் தலைமேல் ஏறிவிடுவார்கள், பயம் இருந்தால்தான் வேலை நடக்கும்" என்று வேறு சிலர் சொல்லக்கூடும். பயத்தினால் நடக்கிற வேலை, பயமுறுத்துகிறவன் கண்ணுக்கு எட்டினவரையில்தான் நடக்கும். அவன் திரும்பினால் நின்றுபோகும். அதோடு, பயந்தவன் உண்மை சொல்லமாட்டான். சுவர் கோணினால் மறைப்பான். கணக்குத் தவறினால் மூடுவான். கடைசியில் வீடு இடிந்தபிறகுதான் மேஸ்திரிக்குச் சங்கதி தெரியும். ஆகவே கீழே இருப்பவனை மதிப்பது தர்ம காரியம் அல்ல. வேலைக்கு அவசியமான காரியம். ஆனால் மதிப்பதென்றால் தப்பைக் கண்டும் சும்மாயிருப்பதென்று யாரும் கருதிவிட வேண்டாம். நேற்றைய கூட்டாளியானாலும் தப்பைத் தப்பென்று சொல்லத்தான் வேண்டும். சிநேகத்துக்காக ஒருவனுடைய சோம்பலை மறைத்தால், அவன் பாரத்தை மற்ற ஒன்பது பேர் முதுகில் ஏற்றினதாகத்தானே அர்த்தம்? அது அந்த ஒன்பது பேருக்குச் செய்யும் அநியாயமல்லவா?

பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 1994ஆம் வருஷத்துப் பஞ்சாயத்துச் சட்டத்தினாலும், 2016இல் செய்த திருத்தத்தினாலும், தமிழ்நாட்டுப் பஞ்சாயத்து ஸ்தானங்களில் சரிபாதி பெண்களுக்கென்று ஆகியிருக்கிறது. மலையிலும் அப்படியே. நேற்று வரையில் வயலில் களையெடுத்தவள், மகளிர் குழுவில் கணக்கு எழுதினவள், இன்றைக்கு ஊருக்குத் தலைவி. அவளுக்கு வேலை சொல்லிக் கொடுக்கிறார்களா? பல ஊர்களில் அவளுக்குப் பதிலாக அவள் புருஷனை நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள்! கேட்டால், "அவளுக்கு ஒன்றும் தெரியாது" என்பார்கள். முதல் நாளில் எந்த ஆண் பிள்ளைக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று கேட்கின்றோம். அவளுக்குக் கையெழுத்துப் போடும் வேலையும் புருஷனுக்குத் தலைமை வேலையும் என்றால், சட்டம் கொடுத்ததை வீட்டுக்குள் பிடுங்கிக்கொண்டதாகவே ஆகும். அவள் தப்புச் செய்து கற்றுக்கொள்ளட்டும். ஆண்களும் அப்படித்தான் கற்றார்கள். இன்னும் சிலர் கற்கவேயில்லை.

முடிவாக நாம் சொல்வது யாதெனில், ஒருவனை மேஸ்திரியாக்குகிறவர்கள் மாலையைப் போடுவதற்கு முன் அவனுக்குப் பாடம் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள். முதல் வருஷத்தில் அவன் போய்க் கேட்க அனுபவமுள்ள ஓர் ஆளைக் காட்டுங்கள். கைவேலையிலேயே இருக்க விரும்புகிற கெட்டிக்காரனை, சம்பளத்துக்காகவென்று மேஸ்திரியாக்கிக் கெடுக்காதீர்கள். அவன் திறமைக்கு அங்கேயே கூலியை உயர்த்திக் கொடுங்கள். மேஸ்திரி ஆகிற தோழர்களே! நீங்கள் எத்தனை கல் அடுக்கினீர்கள் என்ற கணக்கு நேற்றோடு தீர்ந்தது. இனி உங்களால் எத்தனை பேர் கல் அடுக்கக் கற்றார்கள் என்பதே கணக்கு. கீழே இருக்கிற தோழர்களே! உங்களில் ஒருவன் மேலே போனதும் அவனைக் கண்டு எழுந்து நின்று துண்டை இடுப்பில் கட்டிக்கொள்ளாதீர்கள். அவனை எஜமானன் ஆக்குகிறது பாதி அவன் ஆசை. மீதிப் பாதி உங்கள் கும்பிடு. அவன் சொல்வது சரியானால் செய்யுங்கள். விளங்காவிட்டால் ஏன் என்று கேளுங்கள். தப்பானால் தப்பென்று சொல்லுங்கள். அதைப் பொறுக்கிறவன் தலைவனாய் இருக்கட்டும். பொறுக்காதவன் மறுபடியும் கரணையை எடுத்துக்கொள்ளட்டும். அதில் அவனுக்குக் கேவலம் ஒன்றுமில்லை. நல்ல கொத்தனும் நாட்டுக்கு வேண்டியவனே.